ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு: தாப்பாஸ் சாயங்காலம் நம்ம தெருவில்

ஸ்பெயின் நாட்டின் சின்னத் தட்டுப் பண்டங்கள்தான் தாப்பாஸ். தாப்பாஸ் விருந்து என்ற பெயரில் நம்ம பக்கம் நடப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகின்றன. ஒரே வீடு, ஒரே மேசை, பத்துப் பன்னிரண்டு தட்டு. வீட்டுக்காரர் மத்தியானத்திலிருந்து அடுப்படியில் நின்று வியர்த்து, ஏழு மணிக்கு எல்லாவற்றையும் மொத்தமாகக் கொண்டு வைக்கிறார். கணவாய் ஆறி ரப்பராகியிருக்கும். உருளைக்கிழங்கு நமத்துப்போயிருக்கும். வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டோடு வரிசையில் நிற்பார்கள். சாப்பாடு ருசியாக இருந்தாலும் அது பஃபேதான். தாப்பாஸுக்கு உயிர் நடையில் இருக்கிறது. ஓரிடத்தில் கொஞ்சம் தின்று, கொஞ்சம் குடித்து, பேசிக்கொண்டே அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். அந்த நடையை நாகர்கோவிலிலோ குளச்சலிலோ ஒரு தெருவுக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அங்கே எப்படி என்று பார்த்துவிடலாம். ஸ்பெயினில் மத்தியானச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். இரண்டுக்கும் முன்னால் வயிறு கூப்பிடும் ஒரு நேரம் உண்டு: பகலில் ஒரு மணி வாக்கில், இரவில் எட்டு மணி வாக்கில். நான்கைந்து நண்பர்கள் அப்போது கிளம்புவார்கள். ஒரு பாருக்குள் நுழைந்து கவுண்டர் ஓரமாக நின்றபடியே ஆளுக்கொரு சின்ன கிளாஸ், எல்லாருக்குமாக ஒன்றோ இரண்டோ தட்டு. பியர் என்றால் ‘கான்யா’ என்ற சிறிய அளவு, சுமார் 200 மில்லி. அரை மணி நேரம் போனதும் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த பார். மூன்று நான்கு இடம் சுற்றி முடியும்போது வயிறு நிறைந்திருக்கும், இரவுச் சாப்பாடு தேவைப்படாது.

ஊருக்கு ஊர் முறை மாறும். கிரனாடா, அல்மெரியா, ஹயென், லியோன் ஆகிய ஊர்களில் குடிக்க ஏதாவது வாங்கினால் ஒரு சின்னத் தட்டு காசில்லாமல் கூடவே வரும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். சின்னத் தட்டு, அரைப் பங்கு, முழுப் பங்கு என்று அளவு பார்த்துச் சொல்லலாம். ஐந்து பேர் போனால் முழுப் பங்கு ஒன்று வாங்கிப் பகிர்வதுதான் கட்டுபடியாகும். செவில்லாவின் பழைய பார்களில் யார் என்ன வாங்கினார்கள் என்பதை மரக் கவுண்டர் மேலேயே சாக்பீஸால் எழுதிக் கணக்குப் போடுவார்கள். அங்கே எல் ரின்கோன்சியோ என்ற பார் 1670இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. வடக்கே பாஸ்க் பகுதியில் ரொட்டித் துண்டின் மேல் பண்டத்தை வைத்துப் பல்குச்சி குத்திக் கொடுப்பார்கள். அதற்கு ‘பின்ச்சோ’ என்று பெயர். சில பார்களில் கடைசியில் குச்சியை எண்ணித்தான் காசு வாங்குவார்கள்.

நமக்கு மிகவும் உதவுகிற பாடம் லொக்ரோன்யோ ஊரின் லவுரல் தெருவில் இருக்கிறது. ஒரு சின்னத் தெருவிலும் அதன் சந்துகளிலும் நெருக்கமாகப் பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்டம் கைவந்தது. சொரியானோ என்ற பார் காளானுக்குப் பேர்போனது. இரும்புக் கல்லில் சுட்ட காளானை அடுக்கி, மேலே ஒரு இறாலை வைத்து, ரொட்டியோடு குச்சியில் குத்திக் கொடுப்பார்கள். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்கிறவன் கை தப்பாது, பண்டமும் ஆறாது. நல்ல தாப்பாஸுக்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

ஆகவே நம்ம ஏற்பாடு இப்படி இருக்கட்டும். நடந்து போகும் தூரத்தில் நான்கு வீடு, எட்டுப் பேர். ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு மட்டும். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நடை கூடாது. பைக் எடுக்க வேண்டி வந்தால் கூட்டம் சிதறிவிடும், ஒருத்தர் பெட்ரோல் போடப் போவார், இன்னொருத்தர் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வடசேரி, கோட்டாறு போன்ற பழைய தெருக்களும், வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற கடற்கரை ஊர்களும் இதற்குத் தோதானவை. வீட்டுக்கு 35 நிமிடம், நடையும் கிளம்புகிற தாமதமும் சேர்த்து 45 என்று வைத்தால் 6.30க்குத் தொடங்கி 9.30க்கு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலிலும் செய்யலாம். ஸ்பெயினில் ஞாயிறு பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வெர்மூத் என்ற மூலிகை ஒயின் குடித்து இரண்டு ஆலிவ் தின்கிற வழக்கம் பழையது. நம்ம மாவட்டத்தில் பாதித் தெருக்களுக்கு அந்த நேரம் அப்படியே பொருந்தும். பகல் என்றால் இரண்டு வீடு போதும்.

எந்தப் பண்டம் எந்த வீட்டில் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீட்டுக்காரரும் கூட்டத்தோடு நடக்கிறவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சமைக்கலாம். நான்காவது வீட்டுக்காரர் கதவைத் திறந்து பத்து நிமிடத்தில் தட்டை நீட்டியாக வேண்டும். அதனால் வரிசை இது: முதல் வீட்டில் முட்டை-உருளைக்கிழங்கு அடையான தோர்த்தியா, இரண்டாவதில் குளிர வைத்த சிப்பி, மூன்றாவதில் பொரித்த நெத்திலி, நான்காவதில் பூண்டு இறால்.

தோர்த்தியா. 600 கிராம் உருளைக்கிழங்கு, 6 முட்டை, ஒரு பல்லாரி (பெரிய வெங்காயம்), உப்பு. கிழங்கைத் தோல் சீவி நான்கு பகுதியாக நீளத்தில் வெட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவிக்கொள்ள வேண்டும். கழுவினால் நன்றாகத் துடைக்க வேண்டும். 300 மில்லி எண்ணெயைச் சட்டியில் மிதமாகக் காயவிட்டு, கிழங்கையும் நறுக்கிய பல்லாரியையும் போட்டு 20 முதல் 25 நிமிடம் சிறு தீயில் வேகவிட வேண்டும். பொரியக் கூடாது, எண்ணெய்க்குள் வேக வேண்டும். ஓரம் சிவந்து மொறுமொறுப்பாகிவிட்டால் கிழங்கு முட்டையைக் குடிக்காது, வெந்த அடையில் சில்லு சில்லாகத் தனியே நிற்கும். கரண்டியால் அழுத்தினால் உடைகிற பதம் வந்ததும் வடிகட்டி, அடித்த முட்டையோடு கலந்து பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை விடுகிறவர்களுக்குத்தான் அடை வெட்டும்போது உதிர்ந்து போகிறது.

பிறகு 22 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கலவையை ஊற்றி, மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம். ஓரம் கூடி, சட்டியை ஆட்டினால் மொத்தமாக நகர வேண்டும். சட்டியைவிட அகலமான தட்டை மேலே கவிழ்த்து, தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். தயங்கித் தயங்கித் திருப்பினால் பாதி அடுப்பில் ஊற்றும். தட்டிலிருந்து மறுபடி சட்டிக்குள் சறுக்கிவிட்டு இன்னும் மூன்று நிமிடம். நடுப்பகுதி கொழகொழவென்று இருப்பதை விரும்புகிறவர்கள் ஸ்பெயினில் நிறைய உண்டு. நம்ம வெக்கையில் அதற்கு ஆசைப்பட வேண்டாம், முட்டை முழுக்கக் கூடட்டும். வெங்காயம் போடலாமா கூடாதா என்று அங்கே தீராத சண்டை நடக்கிறது. போடலாம் என்பதே எங்கள் கட்சி. இனிப்பும் ஈரமும் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு விரல் அகலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி.

எண்ணெய் பற்றி ஒன்று. நம்ம அடுப்படியில் தேங்காய் எண்ணெய்தான் முதல். ஆனால் தோர்த்தியாவுக்கு அது ஒத்துவராது. கிழங்கு எண்ணெய்க்குள்ளேயே வேகிறதால் தேங்காய் வாசம் மட்டும்தான் மிஞ்சும். வேகவைக்கவும் பொரிக்கவும் சூரியகாந்தி எண்ணெயோ ‘பொமேஸ்’ என்று எழுதிய ஆலிவ் எண்ணெயோ போதும். பச்சையாக ஊற்றுகிற இடத்துக்கு மட்டும் ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ வாங்குங்கள். கால் லிட்டர் குப்பி இந்த ஒரு சாயங்காலத்துக்குத் தாராளம்.

இரண்டாவது வீடு, சிப்பி. ஸ்பெயினில் இது கலீசியாவின் பண்டம். அங்கே கடல் நிலத்துக்குள் புகுந்த கழிகளில் மிதவை கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். நமக்கு குளச்சல், முட்டம், கடியபட்டணம் பாறைகளில் முங்கி எடுப்பதே கிடைக்கிறது. எட்டுப் பேருக்கு ஓட்டோடு ஒன்றரைக் கிலோ. வாய் பிளந்து, தட்டினாலும் மூடாத சிப்பியை முதலிலேயே தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓட்டைச் சுரண்டிக் கழுவி, ஓரத்தில் தொங்குகிற நாரை இழுத்துப் பிடுங்கி, அரை கிளாஸ் தண்ணீரோடு மூடி போட்டுப் பெருந்தீயில் வைத்தால் நான்கைந்து நிமிடத்தில் திறந்துவிடும். திறந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் சதை சுருங்கி இறுகும். கடைசிவரை திறக்காததைத் தின்னக் கூடாது. ஒரு பக்க ஓட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போட: ஒரு பல்லாரி, பச்சைக் குடமிளகாய் பாதி, சிவப்புக் குடமிளகாய் பாதி, விதை எடுத்த ஒரு தக்காளி, எல்லாம் பயறு அளவுக்குப் பொடியாக. நல்ல ஆலிவ் எண்ணெய் 6 ஸ்பூன், வினிகர் 2 ஸ்பூன், உப்பு. இதையும் சிப்பியையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, நண்பர்கள் வந்த பிறகு ஓடு ஓடாக நிரப்ப வேண்டும். முன்கூட்டியே கலந்தால் குடமிளகாய் தண்ணீர் விட்டு, புளிப்பெல்லாம் தட்டின் அடியில் தேங்கிவிடும்.

மூன்றாவது வீட்டுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. நெத்திலியை வினிகரில் ஊறப்போட்டுப் பச்சையாகத் தின்கிற பண்டம் ஸ்பெயினில் மிகவும் பிரபலம். படத்தைப் பார்த்துவிட்டு நம்ம நெத்திலியில் அதை முயல்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மீனுக்குள் இருக்கும் அனிசாகிஸ் புழு வினிகரில் சாகாது. அதனால்தான் பச்சையாகவோ அரைகுறையாக வெந்தோ மீன் பரிமாறும் கடைகள் அதை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைத்திருக்க வேண்டும் என்று 2006இல் ஸ்பெயின் சட்டமே போட்டது. வீட்டு ஃபிரீசருக்கு அதே குளிரில் 5 நாள் என்று அங்கே பரிந்துரைக்கிறார்கள். நம்ம வீடுகளில் பல ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகவே போகாது, கரண்டும் போய்ப் போய் வரும். ஆகவே பொரித்தே தின்போம். தெற்கு ஸ்பெயினின் கடலோர ஊரான மாலகாவில் அதுதான் பெருமைக்குரிய பண்டம்.

முக்கால் கிலோ நெத்திலி. தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வரும். கழுவி, வடித்து, துணியில் ஒற்றி, உப்புத் தூவி வைக்கலாம். மாவு மட்டும் பொரிப்பதற்குச் சற்று முன்னால்தான். மைதா 150 கிராமோடு வறுக்காத ரவை 50 கிராம் கலந்தால் அங்கத்திய கொரகொரப்பான மாவுக்குப் பக்கத்தில் வரும். மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கை பரபரக்கும், ஆனாலும் வேண்டாம். மீன் ருசி மட்டும் நிற்கிற பண்டம் இது. மாலகாவில் நான்கைந்து மீனை வாலோடு வால் ஒட்டி, விசிறி மாதிரி பிடித்து எண்ணெயில் இறக்குவார்கள். மாவு பூசிய வால்களை ஈர விரலால் ஒருமுறை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிரட்டிய பின் சல்லடையில் போட்டு உதறுவது முக்கியம். உதறாத மாவு எண்ணெயில் கரிந்து, மூன்றாவது ஈட்டில் எல்லா மீனும் கறுத்து வரும். எண்ணெய் 180 டிகிரி. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்க்கலாம், உடனே மேலே வந்து நுரைத்தால் சரி. ஒரு ஈட்டுக்கு ஒரு கைப்பிடிதான், ஒன்றரை நிமிடம். கணவாய் வளையத்துக்கும் இதே மாவு, இதே சூடு, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் மெல்ல முடியாது. எலுமிச்சை தனியே இருக்கட்டும். தட்டு முழுக்கப் பிழிந்துவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.

நான்காவது வீட்டுக்குத்தான் நம்ம மண்சட்டி. அங்கேயும் இதை மண்சட்டியில்தான் செய்கிறார்கள், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் எண்ணெய் கொதித்துக்கொண்டே மேசைக்கு வர வேண்டும் என்பதற்காக. உரித்த இறால் அரைக் கிலோ, பூண்டு 8 பல், வத்தல் மிளகாய் 2, ஆலிவ் எண்ணெய் 150 மில்லி, உப்பு. மல்லித்தழை வேண்டாம், அதன் வாசம் பூண்டை அமுக்கிவிடும். பார்ஸ்லி கிடைத்தால் போடலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. பூண்டை மெல்லிய வட்டமாகச் சீவி, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே சட்டியில் போட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். ஓரம் பொன்னிறமாகத் தொடங்கும்போது மிளகாய், உடனே இறால், தீயைக் கூட்டி ஒன்றரை நிமிடம், ஒரு பிரட்டல், இறக்கிவிட வேண்டும். இறால் முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே இறக்குங்கள், மீதியைச் சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். இதில் இரண்டு தப்புதான் நடக்கும். பூண்டு கருகினால் எண்ணெய் முழுக்கக் கசக்கும், அதைத் திருத்த வழியில்லை, கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இறாலை ஈரத்தோடு போட்டால் எண்ணெய் ஆறி, தண்ணீர் விட்டு, அவித்த இறால் ஆகிவிடும். காலையிலேயே உப்புப் பிரட்டாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் இருக்காது. புதுச்சட்டி வேண்டாம், பழகிய சட்டியே நல்லது.

இந்த எண்ணெயில் ரொட்டியைத் தொட்டுத் தின்பதுதான் பாதி சுகம். நம்ம பேக்கரி ரொட்டியில் சீனி அதிகம், பூண்டெண்ணெயோடு சேராது. சீனி போடாத நீள ரொட்டி செய்து தருகிற பேக்கரியில் முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது.

மீன் தின்னாத வீடும் கூட்டத்தில் இருக்கும். அவர்களுக்கு மட்டும் தனித்தட்டு என்று ஒதுக்காமல், ஒரு வீட்டின் தட்டையே மாற்றிவிடலாம். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) இரண்டு அங்குல விரல்களாக வெட்டி, உப்புத் தண்ணீரில் அவித்து வடித்துவிட்டு, ஆறவிட்டுப் பொரித்தால் மாட்ரிட்காரர்களின் காரச் சாற்றைத் தாங்கும். சாற்றுக்கு 3 ஸ்பூன் எண்ணெயில் பொடியாக நறுக்கிய பல்லாரியை வதக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 சிறு ஸ்பூன், சாதாரண மிளகாய்த்தூள் அரை ஸ்பூன், மைதா ஒரு ஸ்பூன். அணைக்காமல் போட்டால் தூள் நொடியில் கருகும். பிறகு 250 மில்லி காய்கறி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு ஸ்பூன் வினிகர். மாட்ரிட் முறையில் தக்காளி சேர்க்க மாட்டார்கள். ஸ்பெயினின் எக்ஸ்த்ரமதூரா பகுதியில் ஓக் விறகுப் புகையில் காயவைத்து அரைக்கும் மிளகாய்த்தூளின் புகைவாசம் நமக்குக் கிடைக்காது, ஆனால் நிறமும் காரமும் குறைவில்லாமல் வரும்.

குடிக்க என்ன? ஸ்பெயினிலேயே மது தொடாதவர்கள் ‘மோஸ்தோ’ என்ற திராட்சைச் சாற்றோடு அதே கவுண்டரில் நிற்பார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நம்ம தெருவில் போஞ்சி (எலுமிச்சைச் சாறு), நன்னாரி, சோடா கலந்த திராட்சைச் சாறு, காலத்தில் கிடைத்தால் அக்கானி (பதநீர்). அக்கானி பகலுக்குத்தான் சரி, சாயங்காலம்வரை வைத்தால் புளித்துவிடும். எதுவானாலும் 150 மில்லி கிளாஸ் போதும். பெரிய டம்ளரில் கொடுத்தால் இரண்டாவது வீட்டிலேயே வயிறு நிறைந்து, நடக்க யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எச்சில் விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அங்கே பொதுத் தட்டில் எல்லாரும் அவரவர் முள்கரண்டியை விட்டு எடுத்து, வாயில் வைத்து, மறுபடி அதே தட்டில் விடுவார்கள். நம்ம வீடுகளில் பெரியவர்கள் இதைப் பார்த்தால் தட்டைத் தொட மாட்டார்கள். பாஸ்க்காரர்களின் குச்சி முறை இங்கே கைகொடுக்கும். ஒரு துண்டுக்கு ஒரு குச்சி, தின்றதும் குச்சி ஒரு கிண்ணத்தில். இறால் சட்டிக்கு மட்டும் ஒரு பொதுக் கரண்டியும் ஆளுக்கொரு சின்ன வாழையிலைத் துண்டும் இருக்கட்டும். நிற்க முடியாதவர்களுக்குத் திண்ணையோ பெஞ்சோ போதும். எல்லாருக்கும் நாற்காலி போட்டுவிட்டால் முதல் வீட்டிலேயே ராத்திரி முடிந்துவிடும்.

காசு விஷயத்தில் அங்கத்திய பொதுப்பை முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தொடங்கும்போதே எல்லாரும் ஒரே தொகையை ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவரே எல்லா இடத்திலும் கொடுப்பார், தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுவார்கள். “நான் குடுக்கேன்”, “இல்ல, நான் குடுக்கேன்” என்று சட்டைப்பையைப் பிடித்து இழுக்கிற வேலை இல்லை. இறால் வாங்கிய வீடும் முட்டை வாங்கிய வீடும் ஒரே செலவு ஏற்கும்.

நாள் பார்க்கும்போது மீனையும் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான், இறாலும் கணவாயும் விலை ஏறியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மழைத் தொந்தரவும் குறைவு, தெருவில் நடக்கவும் சுகம்.

மிஞ்சியதைப் பற்றி: வெந்த சிப்பி, இறால், முட்டை எதையும் நம்ம சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பூண்டெண்ணெயைக் குப்பியில் ஊற்றி அலமாரியில் வைக்கவே கூடாது, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பூண்டு கிடந்தால் விஷக்கிருமி வளரும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் காலை அவித்த மரச்சீனியை அதில் பிரட்டினால் வேறு கறியே வேண்டாம்.